வண்டிக்கு வாய் முளைத்த விவகாரம்

எல்டோரெட், புதன்கிழமை

வேன் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவரும், அதைவிட முக்கியமாக என் மனைவியின் அண்ணனுமாகிய லகாட் மச்சானுக்கு, சாமோய் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை செரோப்பும் பசு மூன்றும் சுகம். வேன் மட்டும் சுகமில்லை. அதற்குப் பேச்சு வந்துவிட்டது.

முன்னால் போகிற வண்டி நின்றால் பின்னால் வருகிற வண்டிக்குக் கம்பியில்லாமலே எச்சரிக்கை சொல்லும் என்று நம் செயலாளர் பிர்கென் எல்லா வேனிலும் ஒரு பெட்டி மாட்டினாரே, அதைப் பற்றித்தான். சாலையில் சொன்னால் சரி, நம் நிலையத்தில் நாற்பது வேன் மூக்கும் வாலும் உரச நிற்குமே, அங்கே அது சும்மா இருக்குமா, "முன்னால் ஆபத்து! பின்னால் ஆபத்து! பக்கத்தில் ஆபத்து!" என்று ஒப்பாரி வைத்தது, என் வேனில் இருந்த ஒரு பாதிரியார் எழுந்து பிசாசு ஓட்டத் தொடங்கினார், மடியில் கோழியோடு இருந்த அம்மாள், "ஏன் டிரைவரே, ஒம் வண்டியே ஒன்ன நம்பலியே, நான் எதுக்கு நம்பணும்?" என்று இறங்க, அவள் பின்னாலேயே பதினோரு பேர் இறங்கிப் பக்கத்து வேனில் ஏறிவிட்டார்கள். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பிர்கென் ஓடி வந்து, "சனிக்கிழமைக்குள்ள மாட்டலேன்னா ஒன் வேன் இந்த லைன்ல ஓடாது" என்கிறார். "யோவ், எதிர்ல வர்றவன் ரெண்டு தடவை லைட்டைச் சிமிட்டினா வளைவுல போலீஸு, ரோட்டுல இலைக்கொத்து கெடந்தா அந்தாண்ட லாரி படுத்திருக்கு. இருவத்திரெண்டு வருசமா இதுதான்யா எனக்குக் கம்பியில்லாத் தந்தி! ஒம் பெட்டி போலீஸைச் சொல்லுமா?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மச்சான், லைனை எடுங்கள், லைசென்ஸை எடுங்கள், வேண்டுமானால் உங்கள் தங்கையையும் அழைத்துக்கொள்ளுங்கள் (இதை அவளிடம் சொல்ல வேண்டாம்). அந்த ஒயரை இந்தக் கை மாட்டாது.

வீட்டு அம்மாளுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் புளித்த பால் குடுவைக்கு என் தனி விசாரிப்பு.

தலை வணங்காத,
சாமோய்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: இதை உங்களிடம் கொண்டுவர இன்று காலை செரோப்போடு கிளம்பினேன். டிம்போரோவா மலைச் சாலையில் மூடுபனி, என் வேனின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. "ஒன் உசுரு ஒன் இஷ்டம்யா, என் மடியில இருக்குற முட்டைத் தட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று ஒயரை அவளே மாட்டினாள். அரை நிமிடத்தில் "முன்னால் வண்டி நிற்கிறது!" என்று அது அலற, பிரேக்கை மிதித்தேன். நாலு முழத்தில் நம் சங்க வேன், அச்சு முறிந்து நடுரோட்டில். அதைச் சுற்றிப் பதினான்கு பயணிகள். கையில் இலைக்கொத்தோடு பிர்கென்!

ஆகவே பெட்டி இருக்கட்டும். நிலையத்துக்குள் மட்டும் அது வாயைத் திறக்கக் கூடாது, இதில் ஓர் அங்குலம் இறங்க மாட்டேன். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பின்குறிப்பு வரும்போது உங்களுக்கு இருமல் வந்துவிடட்டும்.