எட்டு ஓம்

அலங்காநல்லூர்
12.5.1984

அன்புள்ள என்று எழுதக் கை வராத கோச்சடை ரேடியோக்கடை வெள்ளைத்துரை மாப்பிள்ளைக்கு, உக்கிரபாண்டி எழுதுவது. இங்கு நான் சுகமில்லை. அங்கு நீங்கள் சுகமாக இருந்தால் அது அநியாயம். வீட்டில் அன்னக்கொடியும் பிள்ளைகளும் நலம், அவர்களுக்கு உங்கள் மேல் கோபமில்லை.

நீங்கள் செய்து கொடுத்த ஆம்ப்ளிபயர் செத்துப்போனது. எங்கே செத்தது தெரியுமா? என் தங்கை முத்துத்தாய் மகனுக்குக் காதுகுத்து நடந்த அய்யனார் கோயில் வாசலில்! தாய்மாமன் நான். வாய்க்கால் தகராறில் அவள் புருஷன் சுருளிக்கும் எனக்கும் பேச்சு நின்றதிலிருந்து அவளும் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "உங்கண்ணன் சீரு கொண்டாந்து கிழிச்சிருவானாக்கும்" என்று சுருளி சொன்னதாகக் காதில் விழுந்தது. விடுவேனா? தாய்மாமன் சீர் வருவது ஊரெல்லை வரை கேட்க வேண்டும், கேட்டு என் தங்கை வாசலுக்கு வர வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். மைக்செட் இருக்கையில் மேளம் எதற்கென்று மேளக்காரரைக்கூட வேண்டாமென்றுவிட்டேன்.

அன்றைக்கு வாய் நிறைய வெற்றிலையோடு என்ன சொன்னீர்கள்? "மச்சான், எட்டு ஓம் பாத்துக்கங்க. எம்புட்டு அவசரம்னாலும் நாலு ஓமுக்குக் கொறையக் கூடாது. கொறைஞ்சா பொகைஞ்சிரும்." தொழிலில் இவ்வளவு பக்தியா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. கோயில் வாசலில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, ஆம்ப்ளிபயருக்குச் சந்தனம் வைத்து, எட்டு ஓம் சொன்னேன். குறையத்தானே கூடாது, கூடினால் நல்லதுதானே என்று பூசாரியையும் எட்டு சொல்ல வைத்தேன். பிறகு மூன்று ஸ்பீக்கர் பெட்டியையும், கேட்பவர் நெஞ்சுக்கூடு அதிர வேண்டுமென்று வாடகைக்கு எடுத்த வூஃபர் பெட்டியையும் எல்லா ஒயரும் ஒன்றாகத் திரித்து ஒரே இடத்தில் மாட்டி, மைக்கைப் பிடித்தேன். "தாய்மாமன் சீர்" என்பது வரைக்கும் கேட்டது. அதற்குமேல் புகைதான் வந்தது.

வூஃபர் கொடுத்த மலையாண்டி ஓடிவந்தான். "அண்ணே, அது சாமி ஓம் இல்லண்ணே! ஸ்பீக்கரு கரண்டைத் தடுக்குற அளவுக்குப் பேரு ஓம். எட்டு ஓம் பெட்டி நாலை இப்பிடி ஒண்ணாச் சேத்தா ரெண்டு ஓமாப் போயிரும். ஆம்ப்ளிபயரு தாங்குமா?" என்கிறான். எந்த ஊர்க் கணக்கு மாப்ளே இது? நாலெட்டு முப்பத்திரண்டு என்றுதான் எனக்குப் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் சேரச் சேரக் குறைவது பங்காளிச் சொத்து ஒன்றுதான் என்று இருந்தேன். ஓமும் அப்படித்தான் என்று அந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாமே!

சீர்த்தட்டுகளோடு ஊமைப்படம் போல நடந்தோம். சுருளி வீட்டாரில் ஒருவன், "தாய்மாமன் சத்தமில்லாம வாராரு, தட்டு எங்கிட்டாச்சும் களவாண்டதா?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் கேவலம் என்று அங்கேயே நின்று உங்களை, உங்கள் கடையை, உங்களுக்குப் பெண் கொடுத்த மனுஷனை, எல்லாரையும் தொண்டை கிழியத் திட்டினேன். பெண் கொடுத்தவர் என் சொந்தச் சித்தப்பா என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வந்து ஆம்ப்ளிபயரைச் சரிசெய்து கொடுக்கவும். தவறினால் உங்கள் கடை வாசலில் நின்று, எந்தப் பெட்டியும் இல்லாமல் கோச்சடை முழுக்கக் கேட்கும்படி பேசுவேன். தங்கச்சி ஜெயக்கொடிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும்
உக்கிரபாண்டி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் முத்துத்தாய் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். ஆம், நேற்றே பிள்ளையோடு இங்கே வந்துவிட்டாள். நான் திட்டியது கோயிலுக்குள் இருந்த அவளுக்குக் கேட்டு, "எங்கண்ணன் சத்தம்ல!" என்று ஓடிவந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பிள்ளையை மடியில் வைத்ததைக் கோபத்தில் எழுத விட்டுப்போயிற்று. இப்போது சொல்கிறாள்: "மைக்குல பேர் சொன்னா நான் எதுக்குண்ணே வெளிய வாரேன்? நீ ஒரு தடவை வாய்விட்டுக் கத்த மாட்டியான்னுதான இம்புட்டு நாளா இருந்தேன்."

மாப்ளே, ஆம்ப்ளிபயரைச் சரிசெய்து தொலைத்துவிடாதீர்கள்.