பதினோரு கோழிக்கு ஒரு மாளிகை

இந்தக் குளிர்காலத்தில் நம் வீட்டுக் கோழி ஒன்றுகூட விறைத்துச் சாகக் கூடாது என்று தொலோன் தீர்மானித்தார். தீர்மானித்ததோடு நிற்காமல், காலைத் தேநீரின்போது அதை மனைவி புருலிடம் அறிவிக்கவும் செய்தார்.

புருல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மலை நகரமான நாரினில் ஜனவரி மாதம் துப்பினால் எச்சில் கல்லாகித்தான் தரையில் விழும். போன குளிருக்கு நாலு கோழி செத்தது. சேவலின் கொண்டை கருகி உதிர்ந்தது. அப்போதெல்லாம் அடுப்படியை விட்டு அசையாத மனிதர் இவர்.

"திடீர்னு கோழி மேல என்னங்க அவ்வளவு பாசம்?"

"வாயில்லா ஜீவன் புருல்."

"வாயில்லாமத்தான் போன வருஷம் நாலு மூட்டை தவிடு தின்னுச்சா?"

பாசத்தின் உண்மைப் பெயர் கதிரலி. பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் தினமும், பல்லாங்குழி போலப் பலகைக் குழிகளில் கொட்டை போட்டு ஆடும் ஒன்பது குழி ஆட்டம் ஆடுவார்கள். செப்டம்பரில் ஒருநாள், ஆட்ட மும்முரத்தில் கதிரலியின் சிகரெட் நெருப்பு விழுந்து, புருல் இரண்டு வருஷம் உட்கார்ந்து தைத்த கம்பளத்தில் ஓட்டை போட்டுவிட்டது. "ஒன்பது குழி போதலைன்னு பத்தாவதை என் கம்பளத்துல தோண்டிட்டீங்க. இனி இந்த வீட்டுக்குள்ள பலகை வரக் கூடாது" என்றாள். கதிரலியின் மனைவி இந்தச் சட்டத்தை ஏற்கெனவே போட்டிருந்தாள். ஆக, இரண்டு அகதிகளுக்கும் கதகதப்பான ஓரிடம் வேண்டியிருந்தது.

புதுக் கோழிக்கூண்டு கட்டத் தொலோன் பதினைந்து நாள் உழைத்தார். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவர் தொடர்ந்து உழைத்த பதினைந்து நாள் அதுதான். இரட்டைப் பலகைச் சுவர், நடுவே வைக்கோல். கோழிகள் கால் விரல்களை வயிற்றுக்கடியில் மூடிக்கொண்டு உட்கார அகலமான கட்டைகள். முழங்கால் ஆழத்துக்கு உமி. உள்ளே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் நிலக்கரி அடுப்பு, பெஞ்சு.

புருல் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"மேல ஒரு துவாரம் விடுங்க. கோழி விடுற மூச்சு ஈரம் வெளிய போகணும். அந்த ஈரம்தான் கொண்டையைக் கருக்குது."

"விட்டுட்டாப் போச்சு."

"இந்தப் பெஞ்சு யாருக்கு?"

"அடுப்புக்குக் காவல் வேண்டாமா? தீப்பிடிச்சா?"

"ரெண்டு பேர் உட்காரலாம் போலிருக்கே."

"நான் கொஞ்சம் பரவி உட்காருவேன்."

"உங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்றாள்.

"எனக்கு எதுக்கு? கோழிக்கு விட்டாப் போதும்" என்றார் தொலோன், பாராட்டு என்று நினைத்து.

மூன்று வாரம் சொர்க்கம். வெளியே வெள்ளைச் சாவு. உள்ளே புகை, தேநீர், குழி ஆட்டம். தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினோரு கோழிகள் தூங்கிக்கொண்டே முட்டையிட்டன. புருல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத மனைவியைக் கண்டு பயப்பட வேண்டும் என்பது தொலோனுக்கு இன்னும் புரியவில்லை.

அவள் தெருக்குழாயடியில் பேசிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் மத்தியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலுக்குப் போனது. அன்று காலை கூண்டுக் கதவைத் தட்டி எதிர்வீட்டு அனிபா நின்றாள். கையில் ஒரு சாக்கு. சாக்கு கொக்கரித்தது.

"அண்ணே, புருலக்கா சொன்னாங்க. கோழிக்குக் குளிர்னா உங்களுக்குச் சோறு இறங்காதாமே. ஏழுதாண்ணே. சேவல் மட்டும் கொஞ்சம் கோபக்காரன்."

மறுக்க வாயைத் திறப்பதற்குள் பின்னால் இன்னொரு சாக்கு. மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று கோழி, ஆறு சேவல், இரண்டு வான்கோழி. ஆறு சேவலும் ஒன்றையொன்று பார்த்ததும் ரத்தக் களரி. மூன்றைப் பிரித்துத் தடுப்புக்குப் பின்னால் விட வேண்டியதாயிற்று. அவை பெஞ்சில் பரவி உட்கார்ந்தன.

கதிரலி இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்.

"தொலோன், மூணு கொட்டை குறையுதுப்பா."

"சேவல் முழுங்கிடுச்சு."

"யார் குழியிலேருந்து?"

"உன்னுது."

"அதான் பார்த்தேன். நீ வளர்க்குற சேவல் பின்ன எப்படி இருக்கும்?" என்று எழுந்தவர், நேரே வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடம் சமாதானமாகிவிட்டார்.

தொலோன் புருலிடம் பாய்ந்தார். "தெருவுக்கே தம்பட்டம் அடிச்சியா?"

"புருஷன் பெருமையைப் பொண்டாட்டி சொல்லாம, வேற யாருங்க சொல்லுவா?"

தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் நாளைக்கு மூன்று தடவை வெந்நீர் சுமந்தார். ஆறு கொண்டைக்கும் ஆட்டுக் கொழுப்பு தடவினார். தடவிய கையைச் சேவல்கள் கொத்தின. உமியைக் கிளறினார். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்துப் பார்த்தார். ஒன்பது வீட்டிலிருந்து சூப்பு வந்தது. கூடவே, "சீக்கிரம் எழுந்திருங்கண்ணே, எங்க வான்கோழி வேற கை பட்டா தின்னாது" என்ற விண்ணப்பமும் வந்தது.

ஒரேயடியாக அடுப்பை அணைத்துவிட்டு ஓடலாம் என்று துணிந்த அன்று பெண்களெல்லாம் திரண்டு வந்தார்கள். ஒருத்தி பேசினாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். பஞ்சு வைத்துத் தைத்த நீல அங்கி ஒன்றை ஊர் மரியாதையாக அவர் தோளில் போர்த்தினார்கள். அங்கி போர்த்தப்பட்டவன் எங்கே ஓடுவது? அடுப்பில் இன்னும் இரண்டு கரண்டி கரி போட்டார்.

மார்ச் கடைசியில் ஆற்றில் பனி உடைந்தது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. சாக்குகள் வந்தன, கோழிகள் போயின. புருலின் பதினொன்றும் வெயில் கண்டு முற்றத்துக்கு ஓடின. தொலோன் கூண்டைக் கூட்டினார், பெஞ்சைச் சுரண்டினார், பலகையைக் கழுவினார், கதிரலிக்குச் சொல்லி அனுப்பினார். கால் நீட்டி உட்கார்ந்தபோது, கை நிறைய உலர்ந்த புல்லோடு புருல் உள்ளே வந்தாள்.

"அதெல்லாம் இங்க எதுக்கு?"

"நம்ம ஆடு பதினேழும் இந்த வாரம் குட்டி போடுதுங்க" என்று அவள் புல்லைப் பெஞ்சின் மேல் பரப்பினாள். "அடுப்பை அணைச்சிடாதீங்க."