ஜெனரேட்டர் அண்ணாச்சியின் குறட்டை

சிவகாசியில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரே சத்தம், எங்கள் ஜெனரேட்டர் அண்ணாச்சியின் குறட்டைதான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அங்கே ஒரு காலண்டர் அச்சகத்தில் குமாஸ்தா. அண்ணாச்சி பேப்பர் வெட்டும் கட்டிங் மிஷினுக்கு ராஜா. கழுத்து என்று தனியாக எதுவும் அவருக்குக் கிடையாது; தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். மத்தியானம் சாப்பிட்டதும் குடோனில் பேப்பர் கட்டுகள் மேல் சாய்வார். ஒருமுறை ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர் வியாபாரி, "கரண்டுதான் இருக்கே, எதுக்கு ஜெனரேட்டர் ஓடுது?" என்று முதலாளியிடம் கேட்டுவிட்டார். அன்றோடு அண்ணாச்சியின் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். விருதுநகரில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் ஊற்றும்போதே தூங்கிப்போனார். போதும் என்று சொல்ல ஆளில்லாததால் பரிமாறியவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பாயசம் வேட்டியில் இறங்கிய பிறகுதான் விழித்தார்.

சீசன் நேரத்தில் ஒரு கட்டு காலண்டரில் முருகனின் கிரீடத்தையே வெட்டிவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் முதலாளி, சாமி எளிமையா இருக்காரு" என்றார் அண்ணாச்சி.

அந்தக் குறட்டையில் ஒரு விசேஷம். ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். ஒரு சத்தமும் இருக்காது. பிறகு, தண்ணீருக்குள் முங்கியவர் மேலே வருவதுபோல ஒரு பெரிய திணறல். மறுபடி ஓட ஆரம்பிக்கும். நாங்கள் கைதட்டிச் சிரிப்போம்.

சிரிக்காத ஒரே ஆள் பைண்டிங்கில் வேலை பார்த்த மாரியம்மா அக்கா. ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.

"சிரிக்காதீகப்பா. சத்தம் நிக்கையில மூச்சும் நிக்குது. நெஞ்சு ஏறி இறங்குது, காத்து உள்ள போகல, பாருங்க."

அண்ணாச்சி விழித்ததும் அக்கா அவரிடமும் சொன்னார்.

"ஏ தாயி, அசந்து தூங்குறவனுக்குத்தான் குறட்டை வரும். நான் குடுத்து வச்சவன்."

"அசந்து தூங்குனா, தெனமும் காலையில தலவலித் தைலத்தோட ஏன் வாறீக?"

அண்ணாச்சி எழுந்து மிஷின் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வாரமே அது நடந்தது. இடது கையால் பேப்பர் கட்டை மிஷினுக்குள் தள்ளியவர், அந்தக் கை கத்திக்கு அடியிலும் வலது கை கத்தியை இறக்கும் கைப்பிடியிலும் இருக்க, கண்ணை மூடிவிட்டார். உடம்பு சரிய, கைப்பிடியும் கூடவே இறங்கியது. மாரியம்மா அக்கா பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கத்தி வெறும் பேப்பரின் மேல் இறங்கியது.

அக்கா கத்தினார்: "பிள்ளைக இருக்காகல்ல உங்களுக்கு? இனியாவது ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

மதுரைக்கு நான்தான் துணைக்குப் போனேன். "எல்லாக் குறட்டையும் வியாதி இல்ல. ஆனா நடுவுல மூச்சு நின்னு திணறுறது, காலையில தலவலி, பகல்ல தூங்கி விழுறது, இதெல்லாம் இருந்தா கட்டாயம் பாக்கணும்" என்றார் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி தலையாட்டினார். அங்கேயே படுக்கவைத்துத் தூக்கத்தைப் பரிசோதிக்க ஏற்பாடானது.

"உடம்பெல்லாம் வயரை ஒட்டிட்டாக. சரவெடி கணக்கா இருக்கேன். தீப்பெட்டிய மட்டும் தள்ளி வைங்க" என்றார் என்னிடம்.

தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறது என்று முடிவு வந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க, காற்றைத் தள்ளும் ஒரு சின்ன மிஷின் கொடுத்தார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். சரியாகும்வரை கட்டிங் மிஷின் பக்கம் போகக் கூடாது என்றார்கள். முதலாளி அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

சில வாரம் கழித்து ஒருநாள், அண்ணாச்சி பைண்டிங் பக்கம் வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது.

"தாயி, எம்புட்டோ வருசம் கழிச்சு நேத்து எனக்குக் கனவு வந்துச்சு."

"என்ன கனவு அண்ணாச்சி?"

"நல்லாத் தூங்குற மாதிரி!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு, "ரெண்டு கையும் இருக்கு தாயி" என்று, அந்த இரண்டு கைகளையும் சேர்த்து அக்காவைக் கும்பிட்டார். அக்கா பதறி எழுந்து, "அய்ய, என்னண்ணாச்சி இது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகும் அண்ணாச்சி சாயவில்லை. எங்களோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்த மனிதரோடு, அன்றைக்குத்தான் நான் ஆசை தீரப் பேசினேன்.