கழிவுநீர்க் கூட்டத்தில் என் வயிறு பேசியது

கூச்ச சுபாவம் உள்ளவர்களை எந்தக் கமிட்டியிலும் சேர்க்கக் கூடாது. ஆனால் அவர்களைத்தான் முதலில் சேர்ப்பார்கள். 'முடியாது' என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாதே! எங்கள் காலனிக் கழிவுநீர்க் கமிட்டியில் நான் உறுப்பினரானதும் அப்படித்தான்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. விளக்கு வெளிச்சத்தில் துணியை விரித்துப் போட்டு, கறை, ஓட்டை, சாயத்திட்டு கண்டுபிடிக்க வேண்டும். துணி கேள்வி கேட்காது. நானும் அதனிடம் எதுவும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை வருடம் அந்த வேலையில் தாக்குப்பிடித்திருக்கிறேன்.

வேலம்பாளையம் பக்கம் ஒரு குளத்தை ஒட்டிய சரிவில் எங்கள் காலனி இருக்கிறது. சரிவின் கடைசி வீடு என்னுடையது. மேட்டில் யார் குளித்தாலும், யார் துவைத்தாலும் (வேறு என்ன செய்தாலும்தான்) அது என் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் குளத்துக்குப் போகும். பெருமழை வந்தால் வாசலோடு நிற்காது. உரிமையோடு உள்ளே வரும். அந்த வருட ஐப்பசி மழையில் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. என் மனைவி ரேவதி அரிசி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடி சொன்னாள்:

"இன்னொருக்கா இது ஊட்டுக்குள்ள வரட்டும், நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க இதுகூடவே குடும்பம் நடத்துங்க."

சும்மா சொல்லும் ஆள் இல்லை அவள்.

காலனிக்காரர்கள் கூடிப் பேசியதில் இரண்டு யோசனைகள் நின்றன. தாழ்ந்த மூலையில் பெரிய உறிஞ்சுகுழி வெட்டி எல்லாவற்றையும் மண்ணுக்குள் இறக்கிவிடலாம் என்பது ஒன்று. (தாழ்ந்த மூலை என்றால் என் வீட்டுப் போர்வெல்லுக்குப் பக்கம்.) இன்னொன்று, தொட்டியில் கசடைப் படியவிட்டு, மிச்சத் தண்ணீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய பாத்தியில் விட்டு, அதில் கல்வாழையும் கோரையும் நட்டு, வேர் வழியாகச் சுத்தம் பண்ணுவது.

மேட்டுத் தெருவில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்தும் கந்தசாமி அண்ணன் குழிதான் வேண்டும் என்றார். காலனியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பாத்திக்கு இடம் நிறைய வேண்டும். இருந்த ஒரே இடம் அவர் வேன் நிறுத்தும் பொட்டல். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம்.

கடலோரத்தில், எங்கள் காலனி அளவே உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வேனில் கமிட்டியாகக் கிளம்பினோம். ரேவதி வாசல்வரை வந்தாள்.

"ஏனுங்க, எல்லாத்தையும் பாருங்க. நாளைக்குக் கூட்டத்துல ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். எங்க போர் பக்கத்துல குழி வேண்டாமுங்கன்னு. சொல்லுவீங்கல்ல?"

"ம்" என்றேன்.

குப்பத்தில் எங்களைச் சுற்றிக் காட்டியவர் ஸ்டெல்லா அக்கா. மீன் விற்றுப் பழகிய குரல். கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. பாத்தியில் கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. அதன் கடைசியில் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"குனிஞ்சு மோந்து பாருங்க. நாத்தம் வருதா? வராது. தென்னைக்கு விடுறோம். செத்த நில்லுங்க, டீ சொல்லிட்டு வாரேன்" என்று போனார்.

அவர் போன நேரத்தில்தான் வினை. பழைய குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. கந்தசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இங்க வாங்க மணி! குழிக்குப் பக்கத்துலயே கெணறு. தண்ணி கண்ணாடியாட்ட இருக்குது பாருங்க!"

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பனியன் துண்டு இருக்கும். சாயத் துணியில் அதைத் தேய்த்துப் பார்ப்போம். வெள்ளையில் நிறம் ஒட்டினால் சரக்கு ரிஜெக்ட். அதோடு, சாயக்கழிவு கலந்து ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். தண்ணீரில் நிறம் இருந்தால் கெட்டது, இல்லாவிட்டால் நல்லது. தண்ணீரைப் பற்றி எங்களுக்கு இருந்த மொத்தப் படிப்பும் அதுதான்.

துண்டின் ஒரு முனையைப் பாத்தித் தண்ணீரில் நனைத்தேன். ஆறிப்போன டீ மாதிரி லேசான பழுப்பு ஏறியது. மறுமுனையைக் கிணற்று வாளியில் நனைத்தேன். அப்படியே வெள்ளை. துண்டைத் தூக்கிப் பிடித்து, வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் உரக்கச் சொன்னேன்:

"பாத்தி ரிஜெக்ட்டுங்க. கெணறு பாஸ்!"

நான் என் வீட்டுக்கே குழி பறித்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. கந்தசாமி அண்ணனுக்கு ஏறிவிட்டது.

"பாருங்க, இதுதான் அனுபவம்கறது! அப்படியே ஒரு டம்ளர் குடிச்சுப் போடுங்க மணி. நாளைக்குக் கூட்டத்துல சாட்சியாச்சு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மறுக்கக் கூச்சமாக இருந்தது. குடித்தேன். (நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.)

ஸ்டெல்லா அக்கா டீத் தட்டோடு வந்தார். என் கையில் டம்ளரையும் பக்கத்தில் வாளியையும் பார்த்தார்.

"அந்தக் கெணத்துத் தண்ணியவா குடிச்சீங்க? அத நாங்க ஆட்டுக்குக்கூடக் காட்டுறதில்லயே! குழியில இறங்குனது பூரா அதுலதான் ஊறுது. புள்ளைங்க வரிசையா வயித்தால போயித்தான் குழிய மூடுனோம்!"

"தண்ணி தெளிவா இருந்துச்சுங்க..." என்று துண்டைக் காட்டினேன்.

"மண்ணு அழுக்கத்தான் வடிகட்டும். சீக்க வடிகட்டுமா? பாத்தியில வர்ற நெறம் இலையும் வேரும் ஊறுன நெறம். அதயும் நாங்க குடிக்கிறதில்ல, தென்னைக்குத்தான். கலரு பாத்துத் தண்ணி எடுக்குறீங்களே, நீங்க என்ன கல்யாணச் சேலையா எடுக்க வந்தீங்க?"

வேனில் திரும்பும்போது கந்தசாமி அண்ணன் என் தோளைத் தட்டினார். "அவிய சொல்றதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. நமக்கெல்லாம் இரும்பு வகுறு. நீங்க பார்த்தத மட்டும் சொல்லுங்க. தண்ணி வெள்ளையா இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சுங்க" என்றேன். அதற்குமேல் பேசத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மதியமே அடிவயிற்றில் ஏதோ உருள ஆரம்பித்தது. சாயங்காலம் கூட்டம். நல்லவேளையாக, என் வீட்டை ஒட்டிய பிள்ளையார் கோயில் முன்னால். மொத்தக் காலனியும் வந்திருந்தது. கந்தசாமி அண்ணன் எழுந்தார்.

"மணி நேர்லயே பார்த்து, துணி வெச்சு டெஸ்ட் பண்ணி, குடிச்சும் பார்த்துட்டு வந்திருக்காருங்க. சொல்லுங்க மணி."

எழுந்தேன். முன்வரிசையில் ரேவதி. பக்கத்தில் கந்தசாமி அண்ணன். ஒரு பக்கம் உண்மை, ஒரு பக்கம் கூச்சம், நடுவில் வயிறு.

"தண்ணி... பார்க்கறதுக்கு... வெள்ளையாத்தான்..."

அப்போது என் வயிறு பேசியது. முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும்படி பேசியது. நான் ஓடினேன்.

திரும்பி வந்தது பெரிய தப்பு. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எங்க விட்டேன்?" என்று கேட்டேன்.

"எங்க விட்டீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க, மேல சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

காலனி சிரித்த சிரிப்பில் கோயில் மணி ஆடியிருக்கும். நான் அதைப் பார்க்க நிற்கவில்லை, மறுபடியும் ஓடிவிட்டேன். அதன்பிறகு கூட்டத்தில் நடந்ததையெல்லாம் எங்கள் கக்கூஸ் ஜன்னல் வழியாகத்தான் கேட்டேன். முதலில் சிரிப்பு அடங்கியது. பிறகு ரேவதியின் குரல்.

"ஏனுங்க கந்தசாமியண்ணா, ஒரு டம்ளர் குடிச்ச மனுசனுக்கு இந்தக் கெதி. எங்க போர் பக்கத்துல குழி வெட்டுனா நாங்க தெனமும் இதத்தான் குடிக்கோணும். நாங்க மட்டுமில்லீங்க. உங்க யூனிட்டுல வேல செய்யற புள்ளைகளுக்கும் எங்க போர்லதான் தண்ணி புடிச்சுட்டுப் போறீங்க. நெனப்பிருக்குதுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் ஜன்னலுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கந்தசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"செரிங்க. வேன நான் வேற பக்கம் நிறுத்திக்கறேன்."

இப்போது அந்தப் பொட்டலில் கல்வாழை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மாதம் ஒருமுறை முறைவைத்துக் களை எடுக்கிறோம். கந்தசாமி அண்ணனும் மண்வெட்டியோடு வந்துவிடுவார். ஐப்பசியில் மழை கொட்டினால் என் வாசலில் மழைத்தண்ணீர் மட்டும்தான் நிற்கிறது. ரேவதி அவள் அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்கு மட்டும்தான் போகிறாள்.

சில சமயம் யோசித்துப் பார்ப்பேன். கறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். கறையே இல்லாத தண்ணீரில்தான் ஏமாந்தேன். அதைக்கூட மன்னித்துவிடலாம். உண்மை தெரிந்தபிறகும், சொல்லவேண்டிய ஒரே ஒரு வரி என் வாயில் வரவில்லை. வயிறு கைகொடுத்திருக்காவிட்டால் அந்தக் குழி இன்று என் சுவரை ஒட்டி இருந்திருக்கும்.

காலனியில் அதற்குப் பிறகு எந்த முடிவு எடுத்தாலும், கோயிலுக்கு மைக் செட் வாங்குவதானாலும் சரி, தெருவிளக்கு மாற்றுவதானாலும் சரி, யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மணியோட வகுத்தக் கேட்டாச்சுங்களா?"

வீட்டில் இன்னும் மோசம். ரேவதி ஏதாவது கேட்டு, நான் வழக்கம்போல "ம்" என்று இழுத்தால் போதும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"வாயால சொல்றீங்களா, இல்ல வகுறு சொல்ற வரைக்கும் காத்திருக்கட்டுங்களா?"

இப்போதெல்லாம் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.