எண்பத்தேழாம் இடத்து மல்பெரி மரம்

கீவா, உட்கோட்டை, மேற்கு வாசல் சந்து
மே 11

'ஏழு திசை' பயண மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இருபத்தாறு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவனும், மூன்று முறை தலைமையாசிரியர் பதவிக்குத் தகுதி பெற்று மூன்று முறையும் மைத்துனர் செல்வாக்கு உள்ளவர்களால் ஓரங்கட்டப்பட்டவனுமான யோல்தாஷ் மத்யாகுபோவ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என்று நம்புகிறேன். தங்கள் புகைப்படக்காரரின் நலத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை. காரணம் கீழே வருகிறது.

"உலகில் பார்த்தே தீரவேண்டிய நூறு இடங்கள்" என்ற தங்கள் சிறப்பிதழில் பிரமிடு இருக்கிறது, சீனப் பெருஞ்சுவர் இருக்கிறது, ஈபிள் கோபுரமும் தாஜ்மகாலும் இருக்கின்றன. ஆட்சேபம் இல்லை. எண்பத்தேழாவதாக "கீவாவின் வேண்டுதல் மரம்" என்று ஒன்று இருக்கிறது. அது என் வீட்டு வாசல் மல்பெரி மரம். இருநூறு அடி தள்ளி நீல ஓடு பதித்த கால்தா மினார் நிற்கிறது; அதை விட்டுவிட்டு இதைப் பிடித்திருக்கிறீர்கள். ஐயா, தாங்கள் எழுதியிருப்பதுபோல் அந்த மரத்தடியில் எந்த மகானும் அடங்கியிருக்கவில்லை. படத்தில் நடுக்கிளையில் பொத்தானோடு தொங்கும் நீலத் துணி என் பழைய சட்டையின் கை.

நடந்தது இதுதான். மரத்தின் வேர் என் வீட்டுச் சுவருக்குள் நுழைந்துகொண்டிருப்பதால் அதை வெட்ட அனுமதி கேட்டு, பதினான்கு மாதம் அலைந்து வாங்கினேன். சந்தில் இரண்டு மல்பெரி உண்டு. இன்னொன்று பக்கத்து வீட்டுக் குர்பான்பாயுடையது. மரம்வெட்டி குழம்பிவிடக் கூடாதே என்று அடையாளத்துக்கு அந்தச் சட்டைக் கையைக் கட்டினேன். மரம்வெட்டி ரஜப் நாளைக்கு வருகிறேன் என்றவர் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தார். கோட்டைக்குள் ஒரு கிளையில் ஒரு துணி தொங்கினால் நம் சனங்கள் யார் கட்டினது, எதுக்குக் கட்டினது என்று கேட்பார்களா? தன் கைக்குட்டையைக் கிழித்துப் பக்கத்தில் கட்டிவிட்டு, முகத்தைத் தடவி துவா கேட்டுவிட்டுப் போவார்கள். ரஜப் வந்தபோது முப்பத்தொரு துணி. ரம்பத்தை அப்படியே சாக்கில் சுருட்டிவிட்டார்.

"ரஜப், அது என் சட்டைய்யா!"

"இருக்கட்டும் வாத்தியாரே. மத்த முப்பதும் உங்க சட்டை இல்லையே? என் கை விளங்காமப் போனா நீங்களா வந்து சோறு ஊட்டுவீங்க?"

இதில் குர்பான்பாயின் கை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அவர் சுற்றுலாக்காரர்களுக்கு ஆட்டுத்தோல் தொப்பி விற்பவர். பதினைந்து ஆண்டுகளில் துடைப்பத்தைத் தொடாத மனிதர், தங்கள் புகைப்படக்காரர் வருவதற்கு முந்தின நாள் சந்து முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். ஏன்? அன்று மாலையே என்னிடம், "வாத்தியாரே, நாளைக்கு ஊர்ல இருக்கீங்களா, வெளிய போறீங்களா?" என்று கேட்டார். இந்த அக்கறை எங்கிருந்து வந்தது? எட்டாம் வகுப்பில் அவர் மகனை வரலாற்றில் பெயிலாக்கினேன். அவர் மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. தங்கள் புகைப்படக்காரர் அவர் கடையில் மூன்று கிண்ணம் தேநீர் குடித்ததற்கும், தலையில் புதுத் தொப்பியோடு போனதற்கும் என்னிடம் சாட்சி உண்டு.

இதழ் வெளிவந்த ஒன்பதாம் நாள், அனுமதி கொடுத்த அதே அலுவலகத்திலிருந்து கடிதம்: உலகப் புகழ் பெற்ற மரம், ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது, அனுமதி ரத்து. இப்போது தினமும் இரண்டு பேருந்துக் கூட்டம். என் வீட்டுக்குள் நுழைய நானே வரிசையில் நிற்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேர் துளைக்கிற சுவர் எந்த அறையின் சுவர் தெரியுமா? என் மகன் தவ்லத்துக்காகக் கட்டிய மணமக்கள் அறை. பக்கத்து ஊரான உர்கெஞ்சில் பெண் பார்த்திருக்கிறோம். ஜூன் ஆறாம் தேதி பெண்ணின் தாயார் வீடு பார்க்க வருகிறார். அந்த அறை அவருக்குப் பிடித்தால்தான் கல்யாணம். விரிசல் இப்போது என் விரல் நுழையும் அகலம். பையனோ சாப்பாட்டில் உட்கார்ந்து, "அப்பா, சுவரப் பாத்து வேண்டாம்னு சொல்லிருவாங்களாப்பா?" என்கிறான். என் மனைவி அனாகுல், "விரிசல் மேல ஒரு கம்பளத்த மாட்டுங்க" என்கிறாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் முதலில் தூக்கிப் பார்ப்பதே கம்பளத்தைத்தான்.

ஆகவே, அந்த மரம் வெறும் மரம்தான் என்ற மறுப்பை உடனே வெளியிட்டால், அதைக் காட்டி அனுமதியைத் திரும்ப வாங்கி, ஆறாம் தேதிக்குள் வெட்டிச் சுவரையும் பூசிவிடுவேன். ஒரு பையனின் வாழ்க்கை தங்கள் நான்கு வரியில் இருக்கிறது.

தங்கள் பேனாவில் மையும், தங்கள் வீட்டு அடுப்பில் ரொட்டியும் என்றும் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

உண்மையுள்ள,
யோ. மத்யாகுபோவ்

பின்குறிப்பு (மே 14): கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் பெண்ணின் தாயார் ஜுமாகுல், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தங்கைகளோடு வந்து இறங்கிவிட்டார். கையில் தங்கள் இதழ். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார், துணி கட்டினார், அறைக்குள் வந்தார், அனாகுல் மாட்டிவைத்திருந்த கம்பளத்தைத் தூக்கினார். "அண்ணே, வேர் உள்ளயே வந்திருக்கே!" என்று கண்கலங்கி, விரிசலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். "பிரமிடோட சேத்து எழுதின வீட்டுக்கு என் பொண்ணு வர்றா. இதப் போய்ப் பூசிக்கீசிடாதீங்க!" செப்டம்பரில் கல்யாணம். இவ்வளவு சீக்கிரம் ஏன் ஒப்புக்கொண்டார் என்பதைத் தனியே விசாரித்துவருகிறேன்.

எனவே மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். ஒரு திருத்தம் மட்டும். மகான் யாரென்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ஜுமாகுலும் அதைத்தான் கேட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. வாழ்ந்த காலத்தில் யாரும் மதிக்காத ஒரு வாத்தியார் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே போட்டுவிடவும்.