ஸ்பிரிங்குக்குள் கிடந்த ஜாதகம்

பின்சீட்டைத் தூக்கிய மெர்வினின் கையோடு ஒரு காகிதமும் வந்தது. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கிடந்து அப்பளமாகியிருந்தது.

"ரோண்டா! ஓடி வா! வண்டியோட ஜாதகம் கிடைச்சிருச்சு!"

எந்த எஞ்சின், என்ன நிறம் என்று ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையில் அச்சடிக்கிற தாள் அது. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அதுதான் வேதம்.

படிக்கப் படிக்க மெர்வினின் முகம் தொங்கிப்போனது.

"நிறம், பழுப்பு. எஞ்சின், ஆறு சிலிண்டர்."

எதிரே நின்றதோ செக்கச்செவேலென்று எட்டு சிலிண்டர் வண்டி.

"யாரோ பின்னாடி மாத்தியிருக்கான். தொழிற்சாலையில அடிச்ச எண் தகடும் துருப்பிடிச்சுப் போச்சு. இந்தக் காகிதம் ஒண்ணுதான் சாட்சி."

"சாட்சியைத் தூக்கி அடுப்புல போடு," என்றாள் மனைவி. "அப்பாவுக்கு அந்த எட்டு சிலிண்டர் உறுமலை ஒரு தடவை கேக்கணும். அவ்வளவுதான்."

அவளுடைய அப்பா காசிமிர், ஃபிளின்ட் நகரத்தில் அந்த வண்டி பிறந்த தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் உழைத்தவர். இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு முதியோர் இல்லத்தில் படுத்திருந்தார். தொழிற்சாலையையும் இடித்து, வேலி போட்டுப் புல்தரையாக்கிவிட்டார்கள். அந்த வேலியைச் சுற்றி ஒரு தடவை இந்த வண்டியில் அவரை அழைத்துப் போவதாக மெர்வின் வாக்குக் கொடுத்திருந்தார். பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டினால் பழைய வண்டி துருவேறிவிடும்; அதற்குள் போயாக வேண்டும். அடுத்த குளிருக்கு அவர் இருக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

"அவர் செஞ்ச வண்டின்னு சொல்லி, எவனோ மாத்துன வண்டியில ஏத்தறதா? எனக்கு மனசு வராது."

மெர்வின் பெயிண்டைச் சுரண்டினார். சிவப்புக்கு அடியிலும் சிவப்புதான் வந்தது.

"பாத்தியா ரோண்டா, எவ்வளவு ஆழமா ஏமாத்தியிருக்கான்!"

எட்டு சிலிண்டர் எஞ்சினை, டெக்ஸஸுக்குக் குடிபோகிற ஒருவரிடம் தள்ளிவிட்டு ஆறு சிலிண்டரை வாங்கிவந்தார். அது பழைய தாங்கிகளில் உட்காரவில்லை. தாங்கிகளை வெட்டினார். விசிறி இடித்தது. ரேடியேட்டரை நகர்த்தினார். ரேடியேட்டர் ஒழுகியது.

"இனி பழைய எஞ்சினே திரும்பி வந்தாலும் வைக்க முடியாது, இல்ல?"

"முடியவே முடியாது," என்றார் மெர்வின் பெருமையோடு.

ரோண்டா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பரில், வானம் ஈயமாய் இறங்கிக் கிடந்த ஒரு மத்தியானம், பழுப்பு வண்டி முதியோர் இல்லத்து வாசலில் நின்றது. காசிமிரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, ஆக்சிஜன் உருளையை மடியில் கொடுத்தார்கள். அவர் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ம். ஸ்டார்ட் பண்ணு மாப்ளே."

"ஓடிட்டுதான் இருக்கு மாமா."

கிழவர் கண்ணைத் திறந்தார். வேலியைச் சுற்றி முடிக்கும்வரை தையல் மிஷின் மாதிரி அது தைத்துக்கொண்டே போனது. எதிரே அந்த வருஷத்து முதல் உப்பு லாரி போனது.

மெர்வினுக்குத் தாங்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தை நீட்டினார். "எல்லாம் இதுல இருக்கிறபடிதான் மாமா. பின்சீட்டுக்குள்ள இருந்துச்சு."

காசிமிர் அதை வாங்கி, கண்ணாடிக்கு மேலாகவே மடிப்பைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார்.

"பின்சீட்டு வேலை என்னுதுதான் மாப்ளே. ஸ்பிரிங் கிறீச்சிடாம இருக்க, தரையில கிடக்கிற ஏதாவது ஒரு வண்டியோட காகிதத்தை எடுத்து சொருகிடுவேன்."