ஹார்ட் டிஸ்க் சாமியார்

காலை ஏழு நாற்பதுக்கே டோக்கன் தீர்ந்துவிட்டது.

வரிசை மட்டும் தீரவில்லை. சோங்ஷான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் துணிச் சந்தை. அதில் முன்பு உள்ளாடைக் கடையாக இருந்த ஓர் இடத்தில் மகாகுரு லியாவ் உட்கார்ந்திருந்தார். வெளியே நின்றவர்கள் நோயாளிகள் அல்லர். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு லேப்டாப். காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல அணைத்திருந்தார்கள். ஒரு பெண் தன்னுடையதற்குத் துண்டு போர்த்தியிருந்தாள். காற்றுப் பட்டால் ஆகாதாம்.

சந்தையில் எல்லாரிடமும் லேப்டாப் உண்டு. எல்லாமே கிழடு. இப்போது யாரும் கடைக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நாங்கள் காமிரா முன் நின்று கூவுகிறோம். அவர்கள் வீட்டில் படுத்தபடி வாங்குகிறார்கள். நம் லேப்டாப் விழிப்பதற்குள் பக்கத்துக் கடைக்காரர் அன்றைய பாவாடைகளை விற்று முடித்துவிடுவார். பொத்தானை அமுக்கிவிட்டுச் சோயாப் பால் வாங்கப் போகலாம். வரிசையில் நிற்கலாம். குடித்துவிட்டுத் திரும்பலாம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நாங்கள் வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஊரே செய்வதைத்தான் செய்தோம். பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்றை இயந்திரத்தின் மேல் வைத்தோம். அது இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும். பச்சைதான் வேண்டும். மஞ்சள் வைத்தால் கோபித்துக்கொள்ளும். தேதி தாண்டிய பொட்டலம் ஆகாது. பிரித்துத் தின்றுவிட்டால் எல்லாம் போச்சு. என் லேப்டாப்பின் மேல் ஒரு குவியலே வைத்திருந்தேன். அது அசையவில்லை. பொட்டலங்களின் பாரம் தாங்காமல்தான் மெதுவாகப் போகிறது என்றாள் என் மனைவி.

இந்த நிலையில்தான் மகாகுரு வந்தார். ஏழாம் மாதம். இறந்தவர்கள் ஊருக்குள் உலவும் மாதம். சரியான நேரம் பார்த்துக் கடை திறந்தார்.

"காத வச்சுக் கேளு," என்பார். "உள்ள முனகுதா?"

முனகியது. உள்ளே தட்டு சுற்றுகிறது. சுற்றுகிற பொருள் முனகத்தான் செய்யும். மின்விசிறியும் முனகும். மின்விசிறியை யாரும் மகாகுருவிடம் தூக்கி வரவில்லை.

"பேய். ஒரு ராத்திரி சாமி முன்னால இருக்கட்டும்."

லேப்டாப் மஞ்சள் திரைக்குப் பின்னால் போகும். மறுநாள் வரும்போது ஒரு காகித ஹார்ட் டிஸ்க்கையும் விலைக்குக் கொடுப்பார். வாசலில் இருக்கும் தகர உலையில் அதை எரிக்க வேண்டும். செத்துப்போன பைல்கள் மேலே போக வேண்டுமல்லவா.

சிக்கல் என்னவென்றால், வேகம் நிஜமாகவே வந்தது. பொத்தானை அமுக்கினால் கோப்பையை எடுப்பதற்குள் திரை தயார். முனகலும் இல்லை. சந்தை கும்பிட்டது.

பி-சியா மட்டும் கும்பிடவில்லை. என் கடைக்குப் பக்கத்தில் கோட்டு விற்பவள். அவளும் வரிசையில் நின்று கொடுத்தவள்தான். லேப்டாப் திரும்பி வந்ததும் எல்லாரும் அதற்குப் பொட்டு வைத்தார்கள். இவள் தையல் மெஷினுக்கு வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் வயிற்றைக் கழற்றினாள்.

"இங்க பாருங்க. சுத்துற டிஸ்க்கக் காணோம். அந்த எடத்துல புதுசா எஸ்எஸ்டி. இதுல எதுவும் சுத்தாது. அதான் சத்தமில்ல, அதான் வேகம். பாதே ரோட்டுல எந்தக் கம்ப்யூட்டர் கடையிலயும் நீங்க சாப்புட்டு வர்றதுக்குள்ள மாத்திக் கொடுப்பாங்க. இவர் வாங்குறதுல பாதிகூட ஆகாது."

கூட்டம் எட்டிப் பார்த்தது. காலுறை விற்கும் ஷியு-லுவான் எல்லாருக்காகவும் பேசினாள்.

"சாமிதான் மாத்தியிருக்கும்."

"சாமிக்கு எதுக்குடி ஸ்க்ரூ டிரைவர்?"

"சாமிகிட்ட இல்லாத ஸ்க்ரூ டிரைவரா?"

"சரி. என் பழைய டிஸ்க் எங்க?"

"அதுலதான பேய் இருந்துச்சு. அத வாங்கி மடியில வச்சுக் கொஞ்சப் போறியா?"

"என் போட்டோ, கணக்கு எல்லாம் அதுல இருக்கு."

"புதுசுலயும் இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"ரெண்டுலயும் இருக்கு. அதுதான் எனக்கு உறுத்துது."

ஷியு-லுவானுக்கு உறுத்தவில்லை. அவள் லேப்டாப் வேகமாக ஓடியது. வேகமாக ஓடுகிற பொருளைப் பற்றி யோசிப்பானேன்.

அடுத்த வாரம் மகாகுருவின் அருள் இன்னும் பெருகியது. லேப்டாப்பைத் திருப்பி வாங்கிப் போனவர்களை ஒவ்வொருவராக மறுபடி அழைத்தார். கண்ணை மூடினார். குறி கேட்கும் பிறை வடிவக் கட்டைகளைத் தரையில் எறிந்தார். ஒருத்தியிடம் அவள் வயிற்றில் இருக்கும் கட்டியைச் சொன்னார். அவள் அதை மருத்துவரைத் தவிர யாரிடமும் காட்டவில்லை. இன்னொருவரிடம் அவர் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த காதலைச் சொன்னார். அவருக்கு வயது அறுபது. ஒவ்வொரு ரகசியத்துக்கும் ஒரு பரிகாரம். ஒவ்வொரு பரிகாரத்துக்கும் ஒரு விலை. கடவுள் எல்லாம் அறிவார் என்பார்கள். இவர் ஃபோல்டர் வாரியாக அறிந்திருந்தார்.

பிறகு வெங் அண்ணனின் முறை வந்தது.

வெங் ஜின்-தூ பொத்தான் வியாபாரி. மனைவி வசந்தத்தில் இறந்துபோனாள். கடைக்கு மேலே இருக்கும் பரணில்தான் படுப்பார். கடைதான் வீடு, கடைதான் சோறு. மகாகுரு அவரைப் பார்த்ததும் பெண்குரலில் கூப்பிட்டார்.

"மீன்பந்து."

வெங் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சூப்பில் மிதக்கும் மீன் உருண்டையின் அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

அந்த ஒருத்தி இப்போது ஓர் இடம் கேட்கிறாளாம். கடையைக் கோயிலாக்க வேண்டுமாம். பதினைந்தாம் நாள், ஊரெல்லாம் படையல் போடும் நாளில், கடைச் சாவியை மகாகுருவின் காலடியில் வைக்க வேண்டுமாம். வெங் அண்ணன் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் பொத்தான் டப்பாக்களைக் கட்டத் தொடங்கினார். பி-சியா போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, கடையக் கொடுத்துட்டு எங்க போவீங்க?"

"எங்கயும் போகல. அவ இருக்கிற எடத்துல ஒரு ஓரமாக் கெடப்பேன்."

"அண்ணி அப்படிச் சொல்லுவாங்களா? உயிரோட இருந்தப்ப ஒத்தப் பொத்தான யாருக்காச்சும் சும்மா கொடுத்தவங்களா?"

"செத்தப்புறம் மனசு எளகியிருக்கும்."

"மீன்பந்துன்னு அவங்க கூப்பிடுறது உங்க லேப்டாப்புல எங்கயாச்சும் இருக்கா?"

அவர் கயிற்றைக் கீழே வைத்து யோசித்தார்.

"பொறந்த நாள் வீடியோ ஒண்ணு இருக்கு. அதுல கூப்பிடுவா. ஆனா அத அவர் எப்படிப் பாத்திருப்பார்? மகாகுரு. அடுத்தவங்க பொருளத் தொடுற ஆளா?"

பி-சியா அதற்கு மேல் வாதாடவில்லை. மறுநாள் தன் மகள் கல்லூரியில் பயன்படுத்திய பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொண்டு மகாகுருவின் வரிசையில் நின்றாள். ஷியு-லுவான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வழிக்கு வந்துட்டா."

பதினைந்தாம் நாள். சந்து முழுக்கப் படையல் மேசைகள். முழு வாத்து, அன்னாசி, பீர், அடுக்கடுக்காக உடனடி நூடுல்ஸ். ஊதுபத்திப் புகையில் கடைப் பலகைகள் தெரியவில்லை. வெங் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, சிவப்புத் தட்டில் சாவியை வைத்து ஏந்தி நின்றார்.

"அண்ணே, எனக்கு முதல்ல வழி விடுங்க," என்று பி-சியா முன்னால் போய் உட்கார்ந்தாள். மகாகுரு மகிழ்ந்தார். வம்பு பேசியவள் மண்டியிடுவதைக் கூட்டம் பார்ப்பது தொழிலுக்கு நல்லது.

கண்ணை மூடினார். தலையை ஆட்டினார்.

"ஒருத்தர் வந்திருக்கார்."

"யாரு குருவே?"

"உன் முதல் வீட்டுக்காரர்."

இருபது வருடமாக அவளைத் தெரியும். இப்படி ஒருவர் இருந்தது எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் அவள் கணவர் யூ-செங்கைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாசலில் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றார். இன்னொரு கடலையை உரித்தார்.

"எப்படி இருக்கார் குருவே?"

"குளிருதாம். நீல மழைக்கோட்டு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கீலுங் துறைமுகத்துல கடலப் பாத்துக்கிட்டே நிக்கிறார்." குரல் தழுதழுத்தது. "இடது கை இல்ல."

பி-சியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஷியு-லுவான் கண்ணைத் துடைத்தாள்.

"பேசுறாரா?"

"அதிகம் பேசாதவர்."

"ஆமா குருவே. ஒரு வார்த்த பேச மாட்டார்."

"கை போனதுக்கு நீதான் காரணம்னு வருத்தப்படுறார்."

"அதுவும் உண்மைதான். ஷட்டர எறக்குறப்ப நான்தான் கவனிக்கல."

கூட்டம் தேம்பியது. மகாகுருவுக்கே உற்சாகம் தாங்கவில்லை. "வருஷக்கணக்கா ஆவியா அலையுறார். பெரிய சாந்தி பண்ணணும். இல்லன்னா இப்ப இருக்கிற வீட்டுக்காரரத் தூக்கிட்டுப் போயிடுவார்."

யூ-செங் கடலைத் தோலை ஊதினார்.

"என்ன வேணும்னு அவரையே நேர்ல கேட்டுடலாம்," என்றாள் பி-சியா. "ஏங்க, கூட்டிட்டு வாங்க."

யூ-செங் வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில் ஓர் ஆள் கிடந்தார். நீல மழைக்கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம். இடது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. மகாகுருவின் எதிரில் நிறுத்தி, முகக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றினார். பி-சியாவின் கடைவாசலில் கோட்டு மாட்டி நிற்கும் பொம்மை. கண் இல்லை, வாய் இல்லை. மொழுக்கென்று இருந்தது.

"இவருதான் என் முதல் வீட்டுக்காரர்," என்றாள். "மகளோட லேப்டாப்புல இவர் போட்டோவெல்லாம் போட்டு ஒரு ஃபோல்டர் வச்சேன். 'முதல் வீட்டுக்காரர், யாருக்கும் தெரியக் கூடாது'ன்னு பேர் போட்டேன். அத எங்க ரெண்டு பேரத் தவிர யாரும் தொறந்து பாக்கல. குருவத் தவிர."

"போட்டோ எடுக்கத்தான் கீலுங்குக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனோம்," என்றார் யூ-செங். "நடுவுல இவர் உக்காந்தார். ஹெல்மெட் எங்கன்னு போலீஸ்காரர் நிறுத்திட்டார். நல்லா உத்துப் பாத்தப்புறம் விட்டுட்டார். அவருக்குப் பாக்குறப்பவே தெரிஞ்சுது."

மகாகுரு ஒரு கணம் பொம்மையைப் பார்த்தார். பொம்மை அவரைப் பார்க்கவில்லை.

"தெய்வம் சில நேரம் சோதிக்கும்," என்றார்.

"எந்தத் தெய்வம்? லேப்டாப்புல இருந்தது மட்டும்தான் உங்க வாயில வந்துச்சு."

அவள் எழுந்து மஞ்சள் திரையை இழுத்தாள். வளையங்கள் கழன்று விழுந்தன. பின்னால் சாமி இல்லை. ஒரு மேசை, ஒரு ஸ்க்ரூ டிரைவர். சுவர் நெடுக எங்கள் பழைய டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் நாடா ஒட்டி எங்கள் பெயர் எழுதியிருந்தது. மேசையில் ஒரு சிறு பெட்டி கண்சிமிட்டியது. பக்கம் பக்கமாக இரண்டு டிஸ்க்குகள் செருகியிருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு யாருடைய வாழ்க்கையோ நகலாகிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் ஒரு பச்சைப் பொட்டலம். எடுத்துத் தேதி பார்த்தேன். தாண்டவில்லை. தொழிலில் கவனமான ஆள்.

மகாகுரு பின்வாசலைத் தேடினார். உள்ளாடைக் கடைக்குப் பின்வாசல் கிடையாது. முன்வாசலில் யூ-செங் நின்றார். யாரோ காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்கள்.

வெங் அண்ணன் தட்டை ஏந்தியபடியே உள்ளே போனார். தன் பெயர் ஒட்டிய டிஸ்க்கைத் தேடி எடுத்தார். அது உள்ளங்கையில் அடங்கியது.

"அப்போ அவ வரலியா?"

"அண்ணி வந்திருந்தா மொத வேலையா அந்தச் சாவிய உங்க கையில இருந்து பிடுங்கியிருப்பாங்க அண்ணே."

அவர் தட்டிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். பையின் பொத்தானையும் மாட்டினார். வெறும் தட்டை மகாகுருவின் மடியில் வைத்துவிட்டு, கட்டி வைத்த டப்பாக்களைப் பிரிக்கப் போனார்.

கதையை இங்கே முடித்தால் எங்கள் சந்தைக்குப் பெருமை. முடியவில்லை.

நான் திரும்பியபோது ஷியு-லுவான் பொம்மையின் காலடியில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். யாரோ ஓர் அன்னாசி கொண்டுவந்து வைத்தார்கள். கை இல்லாதவர், பாவம் என்றார்கள். பி-சியாவுக்கு முன்னால் ஒரு வரிசை உருவாகியிருந்தது. ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு லேப்டாப். ஷியு-லுவான் ஊதுபத்திக் கட்டோடு வரிசையின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, மகாகுருவையே கண்டுபுடிச்சிட்டீங்களே. உங்களுக்கு எந்தச் சாமி எறங்குது?"

"எனக்கு ஒண்ணும் எறங்கல. உக்காந்து யோசிச்சேன்."

"அத எங்க பண்ணித் தர்றாங்க? டோக்கன் போடுவாங்களா?"

பி-சியா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"லேப்டாப்பத் தொறக்கச் சொல்லி அவர்கிட்டக் கொடுத்தீங்க, சரி. கழுத்துக்கு மேல இருக்கிறத நீங்களே தொறந்து பாக்குறதுக்கும் டோக்கன் வேணுமா?"